ஊதிக் காட்டி விற்ற கடை

இந்தக் கண்டக்டரின் விசிலில் மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டீர்களா? 'பிர்ர்ர்' என்று உருண்டு வரவேண்டிய சத்தம் 'ஃபீ' என்று மொட்டையாக வருகிறது. விசிலுக்குள் ஒரு சின்ன உருண்டை இருக்கும் சார், அதைத்தான் மணி என்போம். எச்சில் காய்ந்து பிடித்துக்கொண்டது. வெந்நீரில் போட்டு இரண்டு தட்டுத் தட்டினால் போதும். சொல்லலாமா வேண்டாமா என்று ஏறியதிலிருந்து யோசிக்கிறேன். சொல்ல மாட்டேன். நான் தெரியாத ஆளிடம் பேசுகிறவன் இல்லை. உங்களிடம் பேசுவதுகூட ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தீர்களே, அந்த மரியாதைக்காகத்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைக்கும். ஆனால் ஊதுகிற சாமான் விஷயத்தில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் பேச வேண்டும். எங்களுக்குக் கடை இருந்தது. கீழரத வீதி முனையில், ஆவுடையப்பன் விளையாட்டுச் சாமான் கடை. ஆவுடையப்பன் எங்கள் அப்பா. அவருக்கு விளையாட்டு பிடிக்காது, சாமானும் பிடிக்காது, சிரிப்பு சுத்தமாகப் பிடிக்காது. தகப்பனார் வைத்துவிட்டுப் போன கடை என்பதால் உட்கார்ந்திருந்தார். அத்தனை பொம்மைகளுக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், ராத்திரி பிடித்து வந்த திருடர்களுக்கு நடுவில் ஏட்டையா உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் அவரிடம் ஒரு நேர்மை உண்டு. வேலை செய்து காட்டாமல் எந்தச் சாமானும் கடைப்படியை விட்டு இறங்கக் கூடாது. பந்தென்றால் எறிந்து காட்ட வேண்டும். அப்பாதான் எறிவார், கோபமாக எறிவார். சாவி கொடுத்தால் தாளம் போடுகிற குரங்கு, தகரத் தவளை, தலையாட்டிப் பொம்மை இதெல்லாம் உலகம்மாள் அத்தை பொறுப்பு. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கடையில் சிரிக்கிற ஒரே ஆள். ஒரு அம்மாள் தலையாட்டிப் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நல்லாத் தலையாட்டுமா?" என்று கேட்டாள். "ஒங்க வீட்டுக்காரரை விட நல்லா ஆட்டும் மதினி," என்றாள் அத்தை. அந்த அம்மாள் இரண்டு பொம்மை வாங்கிப் போனாள்.

வாயில் வைக்கிற சாமான் எல்லாம் என் இலாகா. பனையோலை ஊதல், தகர விசில், பலூன் பீப்பி, மவுத் ஆர்கன். ஊதல் வேறு, பீப்பி வேறு, விசில் வேறு சார். இந்தக் காலத்தில் எல்லாவற்றையும் விசில் என்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரியவர்கள் ஊதிக் காட்டினால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், சின்னப் பையன் வாய் சுத்தம் என்பது அப்பாவின் கணக்கு. அது நியாயமான கணக்குதான். நானும் சுத்தத்தில் ரொம்பக் கண்டிப்பு. ஊதி முடித்ததும் சட்டை நுனியால் துடைத்துத்தான் கொடுப்பேன். சட்டையை மட்டும் சனிக்கிழமைதான் மாற்றுவது.

எப்பேர்ப்பட்ட வாழ்வு தெரியுமா! ஊரில் எந்தப் பிள்ளை எந்தத் தெருவில் ஊதினாலும், அது முதலில் நான் ஊதியது. சாயங்காலம் தெருவில் நடந்தால் நாலா பக்கமும் என் சத்தமே கேட்கும். சாமி புறப்பாட்டுக்குக்கூட அத்தனை மேளம் இருக்காது. ஊதி ஊதி என் கன்னம் இரண்டும் உப்பிப்போய், பள்ளிக்கூடத்தில் என் பெயரே பன்னு. என் பெயர் கோமதிநாயகம். நல்ல பெயர்.

இப்போது கதைக்குள் குற்றாலிங்கம் வருகிறார். தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். அந்த பஸ் எங்கள் கடைக்கு எதிரில்தான் நிற்கும். அவர் வாரத்துக்கு ஒரு தரமாவது கடைப்படி ஏறி, "விசில் தொலைஞ்சு போச்சு அண்ணாச்சி," என்பார்.

"பஸ்ஸைத் தொலைக்காம இருக்கீரே, அது வரைக்கும் சந்தோஷம்," என்பார் அப்பா.

நான் ஒரு விசிலை ஊதிக் காட்டுவேன். குற்றாலிங்கம் விசிலையும் பார்க்க மாட்டார், என்னையும் பார்க்க மாட்டார். குரங்குக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கும் அத்தையைப் பார்த்துக்கொண்டே, "இது சரியாக் கேக்கலை, இன்னொண்ணு ஊது தம்பி," என்பார். இன்னொன்று ஊதுவேன். அதுவும் கேட்காது.

அத்தை குரங்கிடம் சொல்லுவாள், "காது கேக்காத ஆளையெல்லாம் கண்டக்டராப் போட்டிருக்காங்க. பாத்துக்க."

எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. ஒரு சாமானை வாங்குவதற்கு இவ்வளவு சோதிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

மாசி மாதம் அவருடைய அம்மா சண்முகவடிவு அம்மாள் வெற்றிலை பாக்கோடு வந்து பெண் கேட்டாள். புருஷனை இழந்த மனுஷி, குற்றாலிங்கம் ஒற்றைப் பிள்ளை. வந்து உட்கார்ந்ததும் உடைத்துப் பேசிவிட்டாள். "எனக்குச் சீர் வேண்டாம், செனத்தி வேண்டாம். ஒத்தைப் பிள்ளையைப் பெத்துட்டு இத்தனை வருசமா அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். வீடு நெறையப் பேரப்பிள்ளை வேணும். அது போதும்."

அத்தை உள்ளேயிருந்து, "வீடு எவ்வளவு பெருசுன்னு கேளுங்க அண்ணே," என்றாள். சண்முகவடிவு அம்மாளே சிரித்துவிட்டாள். வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அப்பா அத்தைக்கு ஒரு சங்கிலி செய்யக் கொடுத்து, அது பங்குனியிலேயே வந்துவிட்டது. பெட்டிக்குள் இருந்தது.

பங்குனியில்தான் எங்கள் ஊர்த் தேரோட்டம். அந்தப் பத்து நாள் வியாபாரம்தான் எங்கள் வருஷச் சாப்பாடு. அந்த வருஷம் கொடியேறின அன்றே எனக்குக் காதுக்குக் கீழே விண் விண் என்று வலித்தது. உடம்பும் கொஞ்சம் சுட்டது. பங்குனி வெயிலில் யாருக்குத்தான் உடம்பு சுடாது?

அத்தைதான் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, இவன் கன்னம் ஒரு பக்கம் பெருசா இருக்கு. இன்னிக்கு இவன் ஊத வேண்டாம்."

"நாள் பூரா ஊதுற பயலுக்குக் கன்னம் வீங்காம கணுக்காலா வீங்கும்?" என்றார் அப்பா. "ஊதுல."

சரியான கேள்விதான். ஊதினேன். மறுநாள் மற்றக் கன்னமும் வீங்கி இரண்டும் ஒரே அளவாகிவிட்டதால் அந்தப் பேச்சே நின்றுபோயிற்று. தேரோட்டத்துக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் ஊதிக் காட்டினேன். முந்தின வருஷம் ஒரு பிள்ளைக்கு ஒரு ஊதல் என்றால் அந்த வருஷம் இரண்டு. எச்சில் விழுங்க முடியவில்லை. அதனால் விழுங்கவில்லை. எல்லாம் ஊதல் வழியாகவே போயிற்று. குற்றாலிங்கமும் அந்தப் பத்து நாளில் இரண்டு தரம் விசிலைத் தொலைத்தார்.

தேர் நிலைக்கு வந்து இரண்டு வாரம் இருக்கும். ஊரில் ஒவ்வொரு பிள்ளையாகக் கன்னம் வீங்கிற்று. உங்கள் பக்கம் என்ன சொல்வீர்களோ, எங்கள் பக்கம் பொன்னுக்கு வீங்கி என்போம். கழுத்தில் பொன் நகை ஏதாவது போட்டால் வீக்கம் வடிந்துவிடும் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்சு காலி. மீதிப் பாதியில் எல்லோரும் பன்னு. என்னை மட்டும் அப்படிக் கூப்பிட்டவர்களைக் கடவுள் பார்த்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதற்குள் வடிந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் ஊரே கடைக்கு முன்னால் வந்து நின்றது. ஆளுக்கொரு ஊதல் கையில்.

"என்ன குறை?" என்றார் அப்பா. "ஊதலையா?"

"ஊதுது அண்ணாச்சி. அதுதான் குறை," என்றார் முன்னால் நின்ற தையல்காரர். "ஒங்க கடை ஊதலை வாயில வச்ச பிள்ளைக்கெல்லாம் வீங்கிக் கெடக்கு."

அப்பா எழுந்துவிட்டார். அவர் கடையின் பெயருக்கு ஒன்றென்றால் எழுந்துவிடுவார். "ஆவுடையப்பன் கடைச் சாமான் பழுதுன்னா சொல்லுதீரு? ஏலே கோமதி, எல்லாத்தையும் வாங்கி ஊதிக் காட்டுல."

வாங்கினேன். ஒன்று விடாமல் ஊதிக் காட்டினேன். சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து, யாருடையது எது என்று கொஞ்சம் மாறிப்போயிருக்கலாம், திருப்பிக் கொடுத்தேன். ஒன்றில்கூடக் குறை இல்லை.  வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கும் வீங்கியது என்றால் அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

காரணம் என்ன என்று நான் அப்போதே கண்டுபிடித்துவிட்டேன் சார். அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்குச் சேமியா ஐஸ் புதிதாக வந்தது. அதுதான். நான் ஐஸ் வாயில் வைத்ததே இல்லை. எனக்கு வீங்கினது ஊதினதால், அது வேறு.

பஸ் சமாச்சாரமும் அப்படித்தான். குற்றாலிங்கத்தின் பஸ் எந்த ஊரில் நிற்குமோ அந்த ஊரில் வீங்கியது, நிற்காத ஊரில் வீங்கவில்லை என்று ஒரு பேச்சு. பஸ்ஸில் பிள்ளை அழுதால் அவர் தன் விசிலைக் கொடுத்து ஊதச் சொல்லுவார், இரக்க குணம். அதையும் இதையும் முடிச்சுப் போட்டார்கள். ஜனங்களுக்கு வேலை என்ன?

வீங்கின பிள்ளைக்குப் பொன் வேண்டும். எத்தனை வீட்டில் பொன் இருக்கும்? தையல்காரர் மனைவி கடைப்படிக்கு வந்து அழுதாள். அத்தை உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அவளுடைய கல்யாணச் சங்கிலியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏட்டி, கல்யாண நகை!" என்றார் அப்பா.

"கல்யாணத்துக்கு இன்னும் நாள் கெடக்கு அண்ணே. பெட்டிக்குள்ள கெடந்து அது என்ன முட்டையா போடப் போகுது?"

சங்கிலி தெருத் தெருவாகக் கழுத்து மாறிற்று. இந்த வீட்டுப் பிள்ளைக்கு வடிந்ததும் அடுத்த வீடு. அத்தை தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு முன்னால ஊர்ல எல்லாரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க," என்பாள். அப்பாவுக்கு மட்டும் ராத்திரி தூக்கம் இல்லை.

அப்போதுதான் டிரைவர் ஆசீர்வாதம் வந்தார், குற்றாலிங்கத்தின் பஸ்ஸை ஓட்டுகிறவர். கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, குத்தாலம் படுத்துட்டான். வீக்கம்."

"கன்னத்துலதானே? வடிஞ்சிரும்," என்றார் அப்பா.

"கன்னத்துலதான் கெளம்புச்சு." ஆசீர்வாதம் அத்தை நிற்கிற பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்போ கடைசி ஸ்டாப்புக்கு எறங்கிட்டுது."

எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போயிற்று. பெரிய ஆண்பிள்ளைகளுக்கு அப்படி இறங்கினால் பிற்பாடு பிள்ளை பிறப்பது சந்தேகம் என்று ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் குற்றாலிங்கத்தின் வீட்டில் சொல்லிவிட்டாராம். ஆசீர்வாதம் தரையைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னார். "ஒங்க தங்கச்சிக்கு வேற எடம் பாக்கச் சொன்னான். மறைச்சுக் கட்டிக்கிட மாட்டேன்னுட்டான்."

அவர் போனதும் அப்பா கல்லாவைத் திறந்தார், மூடினார். பிறகு, "நல்ல மனுசன். சொல்லாமலே இருந்திருக்கலாம், சொல்லிட்டான். வேற எடம் பாப்போம்," என்றார்.

"எங்கிட்டக் கேட்டியளா?" என்றாள் அத்தை.

"இதுல ஒங்கிட்டக் கேக்க என்ன இருக்கு?"

"ஒரு ஊதல் வாங்க வாரவன்கிட்டகூட நாலஞ்சைக் காட்டி எது வேணும்னு கேக்கீங்க. எனக்கு ஒண்ணைக் காட்டி, அதையும் எடுத்து உள்ள வச்சிருவீங்களோ?"

 அத்தை செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகத் தையல்காரர் வீட்டுக்குப் போய், சுற்றி வந்து அவருடைய இளைய மகள் கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றி வாங்கினாள். "உனக்கு வடிஞ்சிட்டு கண்ணு, பெரிய பிள்ளை ஒண்ணு அங்க வீங்கிக் கெடக்கு," என்றாள். என்னையும் கூட்டிக்கொண்டாள். கல்யாணமாகாத பெண் தனியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போகலாமா, ஒரு ஆண் துணை வேண்டாமா? அதற்குத்தான் என்னைக் கூட்டிப்போனாள். என் மேல் அத்தனை நம்பிக்கை. வழியெல்லாம் என் கையை அவள் பிடித்திருந்த பிடி இருக்கிறதே, எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்தது.

சண்முகவடிவு அம்மாள் வாசலில் மறித்தாள். "கல்யாணத்துக்கு முந்தி பொண்ணு இந்தப் படி ஏறலாமா?"

"வீங்கின பிள்ளைக்குப் பொன்னு போட்டியளா?"

அந்த அம்மாள் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு இருந்த நகையெல்லாம் மகன் வேலைக்கு டெபாசிட் கட்டப் போய்விட்டது. கழுத்து வெறுமையாக இருந்தது. "பொன்னு போட்டுத் தீருத எடத்துலயா அது இருக்கு?" என்று சொல்லிவிட்டு அழுதாள். அத்தை அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

குற்றாலிங்கம் கட்டிலில் கிடந்தார். துண்டைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள், முயல் காது மாதிரி. காலை அகட்டி வைத்துக்கொண்டு போர்வையை இழுத்து இழுத்து மூடினார். "வேண்டாம்னு சொல்லி அனுப்பினேனே," என்றார். வாயில் கொழுக்கட்டை இருக்கிற மாதிரி வந்தது பேச்சு.

"நான் அதுக்கு வரலை. இத்தனை மாசமாத் தொலைஞ்ச விசிலெல்லாம் எங்க?"

 கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். ஒரு பிஸ்கோத்து டப்பா. அத்தை அதை இழுத்துத் திறந்தாள். டப்பா நிறைய விசில். பின்னாலேயே வந்த சண்முகவடிவு அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டாள். "அடப் பாவிப்பயலே, இத்தனையும் காசு குடுத்தா வாங்கின?"

அத்தை சங்கிலியை எடுத்து அவர் கழுத்தில் போட்டாள். முயல் காது தட்டியது, ஒதுக்கிவிட்டுப் போட்டாள். "இது வடியட்டும். வடிஞ்ச பெறகு நீங்களே கழட்டி எங் கழுத்துல போடணும். வேற யாரும் போடக் கூடாது."

"உலகு, கம்பவுண்டர் சொன்னாரு..."

"எனக்கும் ஆசை இருந்துது. இல்லைன்னு சொன்னா அது பொய்." அத்தையின் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கிற்று. "ஆனா மறைக்காமச் சொல்லி அனுப்பினீங்க பாருங்க. இனி வேற ஒருத்தன் வந்து கடையில விசில் கேட்டா எனக்குக் காது கேக்காது."

பிறகு திரும்பி அந்த அம்மாளிடம், "அத்தே, பேரப்பிள்ளை வேணும்னு கேட்டீங்க. என்னால சொல்ல முடியாது. நானும் இவுகளும் சண்டை போட்டு இந்த வீட்டுல சத்தத்துக்குக் குறைவில்லாமப் பாத்துக்கிடுதோம். அது போதுமா?" என்றாள்.

 எனக்கு அந்தப் பேச்செல்லாம் ஓடவில்லை. நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கிடந்த ஒரு விசிலில் மணி ஒட்டியிருப்பது பார்த்தாலே தெரிந்தது. எங்கள் கடைச் சாமான், விட்டுவிட முடியுமா? எடுத்து ஊதிப் பார்த்தேன்.

சண்முகவடிவு அம்மாள் என்னை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதுவும் வீங்கி வடிந்த கன்னத்தில். அறைந்த அதே கையால் என்னைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். அத்தையும் அழுதாள். மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்து, வலி தாங்காமல் அவரும் அழுதார். நான் அழவில்லை. விசில் சரியாகிவிட்டது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பெண் தாலி கட்டின ஊர் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்தார்கள். அப்பா அந்தக் கல்யாணத்தில் ஒரு தரம் சிரித்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கம்பவுண்டர் வாக்கு பலித்துவிட்டது என்று ஊரில் பேசுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. சிலருக்கு அமையும், சிலருக்கு அமையாது. ஆனால் என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள் சார். மாமா பஸ் போகிற ஊரிலெல்லாம் எனக்கென்று ஏதாவது வாங்கி வருவார். ஏழாம் வகுப்பு வேண்டாம் என்று நான் நின்றபோது அப்பா அடிக்க வந்தார், மாமாதான் குறுக்கே விழுந்தார். எனக்குப் பெண் பார்த்தது அத்தை. சண்முகவடிவு அம்மாள் சாகும்போது வாயில் பால் ஊற்றினது நான். என் கன்னத்தைத் தடவிவிட்டுத்தான் போனாள். பிள்ளை குட்டி என்று இருந்திருந்தால் இதெல்லாம் எனக்கு ஏது? சொல்லப்போனால், அவர்களுக்கு இல்லாமல் போனதில் ஊரிலேயே லாபம் அடைந்தவன் நான் ஒருத்தன்தான். அதற்காக நான் ஏதோ செய்தேன் என்று அர்த்தமா?

இப்போதும் அவர்கள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். போன மாதம் மாமாவுக்குக் கண் ஆபரேஷன். நான்தான் கூட இருந்தேன். உள்ளே கொண்டு போவதற்கு முன்னால் நர்ஸ் பெண் வந்து, "தாத்தா, பிள்ளைங்க எத்தனை பேர்?" என்று கேட்டது.

"ஒண்ணுதான்மா," என்றார் மாமா. என்னைக் காட்டினார். "ஊதியே பெறந்தவன்."

அத்தை இருக்கிறாளே, அந்த வயதில், அத்தனை பேர் இருக்கிற இடத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, சிரிப்பு நிற்கவில்லை. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நான் அந்த நர்ஸிடம் மெதுவாகச் சொன்னேன், "தப்பா நெனைக்காதீங்கம்மா, மயக்க மருந்துல ஏதோ ஒளறுதாரு."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சொன்னது, "மருந்து இன்னும் குடுக்கவே இல்லையே சார்."